மேற்படி போட்ட மாதம்

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் நான் ரீலிங்கில் வேலை பார்த்தேன். நூற்ற நூல் பாபினில் வரும். அதை மிஷினில் மாட்டிச் சிட்டமாகச் சுற்ற வேண்டும். சிட்டத்தைக் கழற்றி, முறுக்கி, கூடையில் போட வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. ரீலிங்கில் பெண்கள் மட்டும்தான்.

வரிசைக்கு ஆறு மிஷின், ஆறு பேர். நான் கோட்டையூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவேன். எனக்கு அடுத்த மிஷின் அரியக்குடிக்காரியுடையது. என்னைவிடச் சின்னவள். என்னை மதினி என்று கூப்பிடுவாள். உறவு ஒன்றும் கிடையாது. வரிசையின் தலைமாட்டில் அமராவதிபுதூர் அக்கா. எங்களில் மூத்தவள். அவள் பேசினால் மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். மற்ற மூன்று பேரும் என்னைப்போலத்தான். கேட்டால் பதில் சொல்வார்கள்.

ஆறு மிஷினும் ஒன்றுபோல ஓடாது. ஜன்னல் ஓரத்து மிஷினில் காற்று பட்டு நூல் அறுந்துகொண்டே இருக்கும். தூண் ஓரத்து மிஷின் சொன்னபடி கேட்கும். ஆளும் அப்படித்தான். ஒரு நாள் போல ஒரு நாள் இருக்கமாட்டோம். அதனால் ரீலிங்கில் ஒரு வழக்கம் இருந்தது. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. சாயங்காலம் ஆறு கூடையையும் ஒன்றாகக் கொட்டிவிடுவோம். மேஸ்திரி மொத்தமாக எண்ணி ஆறாகப் பிரித்துக்கொள்வார். ஒருத்திக்கு முடியவில்லை என்றால் மற்றவர்கள் கை கொஞ்சம் வேகமாகப் போகும். அவ்வளவுதான். யாரும் யாரிடமும் கேட்டதில்லை, சொன்னதுமில்லை. வரிசைக்கு உண்டான சிட்டம் வந்துவிட்டால் மேலிடமும் கண்டுகொள்ளாது.

இந்தக் கணக்கையும் எங்கள் வருகையையும் பதிவேட்டில் எழுதுகிறவர் டைம் ஆபீஸ் எழுத்தர். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றால் கட்டியிருப்பார். மேஸ்திரி சொல்கிற எண்ணை எங்கள் வரிசையின் முதல் பெயருக்கு நேரே எழுதுவார். முதல் பெயர் அமராவதிபுதூர் அக்காவுடையது. அதற்குக் கீழே ஐந்து பெயருக்கும் இரண்டு சின்னக் கோடு போடுவார். மேற்படி என்று அர்த்தம். ஆறு பேருக்கும் ஒரே எண்தானே. என்னத்துக்கு ஆறு தடவை எழுத வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மில்லுக்குக் கம்ப்யூட்டர் என்ற பேச்சு வந்தது. கம்ப்யூட்டர் இங்கே வரவில்லை. அது மெட்ராஸில் இருந்தது. இங்கிருந்து படிவம் எழுதி அனுப்ப வேண்டும். அங்கே அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போடுவார்கள். மிஷின் அந்த ஓட்டைகளைப் படித்து எங்கள் வேலை நாள், உற்பத்தி, சம்பளம் எல்லாவற்றையும் தாளில் அடித்து அனுப்பும். இதைச் சொல்லிக்கொடுக்க மெட்ராஸிலிருந்து ஒரு இளவயது ஆபீசர் வந்தார். காரைக்குடியில் லாட்ஜில் தங்கினார். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டே திரிந்தார்.

ஒரு நாள் ரீலிங்கில் எல்லாரையும் நிற்க வைத்து ஒரு அட்டையைக் காட்டினார்.

"என்ன தம்பி இது, எலி கொறிச்ச மாதிரி இருக்கு?" என்றாள் அமராவதிபுதூர் அக்கா.

"இந்த ஓட்டையிலதாம்மா உங்க விவரம் எல்லாம் இருக்கு."

"நாங்க ஓட்டைக்குள்ள இருக்கமாக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆபீசரும் சிரித்தார். "இனிமே தப்பே வராதும்மா. மனுஷன் எழுதினாத்தான் தப்பு வரும்" என்றார். எழுத்தர் பக்கத்தில்தான் நின்றார். அவர் சிரிக்கவில்லை.

அன்றைக்கு எல்லாருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். பெயருக்குப் பதில் அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். எழுத்தருக்குக் கட்டம் போட்ட படிவம் கொடுத்தார்கள். ஒரு கட்டத்துக்குள் ஒரு எழுத்து. அவர் கையெழுத்து சாய்ந்தே போகும். கட்டத்துக்குள் நிற்காது. பழைய பதிவேட்டையும் கொஞ்ச காலம் எழுதச் சொன்னார்கள். இரண்டையும் எழுதி எழுதி அவர் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தார்.

இந்தச் சமயத்தில் அரியக்குடிக்காரி வயிற்றில் பிள்ளை. கல்யாணமாகி வெகுநாள் கழித்து உண்டானது. அதற்கு முன்னால் அந்த வருஷத்தில் அவளுக்கு மஞ்சள்காமாலை வந்து கிடையாகக் கிடந்திருந்தாள். நிறைய நாள் வேலைக்கு வரவில்லை. பேறுகால விடுப்பு வேண்டுமென்றால் அந்த வருஷத்தில் இத்தனை நாள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று சட்டம். அவளுக்கு இழுத்துப் பிடித்தால்தான் அந்த நாள் வரும். வராவிட்டால் விடுப்பு கிடையாது. விடுப்பு இல்லாமல் வீட்டில் இருந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். பிறகு கேட்டில் நின்று பதிலி வேலைக்குக் கையேந்த வேண்டும். அவள் வீட்டுக்காரர் லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். வேலை இருந்தால் உண்டு. வீடே இவள் வேலையில்தான் நின்றது.

"அதெல்லாம் சரியா வந்துரும் மதினி. விரல் விட்டு எண்ணிப் பாத்துட்டேன்" என்பாள்.

முதல் மாதத் தாள் மெட்ராஸிலிருந்து வந்தது. இரண்டு ஓரத்திலும் துளை போட்ட நீளத் தாள். விரித்தால் மேஜையிலிருந்து தரை வரை தொங்கியது. எழுத்தர் எங்கள் வரிசையைக் கூப்பிட்டுவிட்டார். ஆபீசரும் இருந்தார்.

"ஏம்மா, போன மாசம் நீங்க யாரும் வேலைக்கே வரலையாமே" என்றார் எழுத்தர்.

"வராமயா தினமும் உங்க மூஞ்சியில முழிச்சோம்?" என்றாள் அமராவதிபுதூர் அக்கா.

"நீ மட்டும் வந்திருக்க. மத்த அஞ்சு பேரும் வரலை. தாளு சொல்லுது."

அக்கா பெயருக்கு நேரே எண் இருந்தது. எங்கள் ஐந்து பேருக்கும் சைபர். சிட்டம் சைபர். சிட்டம் சைபர் என்றால் வேலை நாளும் சைபர். மிஷின் அப்படி எடுத்துக்கொண்டதாம். மற்ற வரிசைகளிலும் தலைமாட்டில் நிற்கிறவள் மட்டும் வேலை பார்த்திருந்தாள்.

ஆபீசர் படிவத்தின் நகலை எடுத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கட்டம் கட்டமாக எங்கள் பெயருக்கு நேரே இரண்டு சின்னக் கோடு. பழைய பழக்கம். எழுத்தரின் கையே போட்டிருக்கிறது.

"சார், கம்ப்யூட்டருக்கு மேற்படி தெரியாது" என்றார் ஆபீசர்.

"இம்புட்டுப் பெரிய மிஷினு. மேல பாத்து எழுதத் தெரியாதா?"

"தெரியாது சார்."

"அப்ப எங்க தெருவுல மூணாப்புப் படிக்கிற பய தேவலையே."

ஆபீசர் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

சம்பளத்தைப் பழைய பதிவேட்டைப் பார்த்துக் கொடுத்துவிட்டார்கள். அதில் தகராறு இல்லை. நாள் கணக்குத்தான் தகராறு. இனிமேல் விடுப்பு, வேலை நாள் எல்லாம் கம்ப்யூட்டர் தாளைப் பார்த்துத்தான் என்று மேலிடத்து உத்தரவு. பழைய பதிவேடு கண் முன்னால் மேஜையில் கிடந்தது. அதில் அரியக்குடிக்காரி ஒவ்வொரு நாளும் வந்திருந்தாள். தாளில் வரவில்லை. அவளுக்கு ஒரு மாதம் போய்விட்டது. விரல் விட்டு எண்ணியது வீண்.

"திருத்தம் அனுப்புறேன். அடுத்த தாள்ல சரியா வந்துரும்" என்றார் ஆபீசர். திருத்தத்துக்கு என்று தனியாக ரோஸ் நிறத்தில் ஒரு படிவம் இருந்தது. எழுத்தர் உட்கார்ந்து எல்லாருக்கும் எழுதினார். இந்தத் தடவை ஒவ்வொரு கட்டத்திலும் எண் போட்டார்.

அடுத்த தாள் வந்தது. திருத்தம் அதில் இல்லை. மெட்ராஸில் கேட்டால் வந்து சேரவில்லை என்றார்கள். மறுபடி அனுப்பினார்கள். அதற்கு அடுத்த தாளிலும் இல்லை. வந்துவிட்டது, வரிசையில் இருக்கிறது என்றார்கள். நாங்கள் வாரம் ஒரு தடவை டைம் ஆபீஸ் வாசலில் போய் நின்றோம். எழுத்தர் எங்களைப் பார்த்ததும் கையை விரிப்பார். அரியக்குடிக்காரி சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு திரும்பி வருவாள். நேரில் கேட்க ஆளே இல்லாத இடத்தில் நம் காரியம் கிடந்தால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. மேஸ்திரி திட்டினால் திருப்பித் திட்டலாம். முதலாளி கார் வந்தால் மறித்து நிற்கலாம். மெட்ராஸில் இருக்கிற மிஷினை என்ன செய்வது.

இதோடு இன்னொரு தலைவலி வந்தது. இப்போது எழுத்தர் ஆறு பேருக்கும் சிட்டத்தின் எண்ணைப் போட்டு அனுப்பினார் அல்லவா. ஆறும் ஒரே எண். நாள்தோறும் ஒரே எண். ஆபீசர் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசைக்கு வந்தார்.

"ஆறு பேர் தினமும் ஒரே மாதிரி எப்படிம்மா சுத்த முடியும்? இது உண்மை எண் இல்லை."

"உண்மைதான் தம்பி. நாங்க பிரிச்சுக்குவம்" என்றாள் அக்கா.

"பிரிக்கக் கூடாது. யார் எவ்வளவுன்னு தனித்தனியா வேணும். அதுக்குத்தான் கம்ப்யூட்டர்."

மறுநாள் ஒவ்வொரு கூடையிலும் ஒரு தகரத் துண்டு தொங்கியது. எங்கள் எண் அதில் அடித்திருந்தது. சாயங்காலம் கொட்டக் கூடாது. மேஸ்திரி கூடை கூடையாக எண்ணினார். ஒரு அளவு வைத்தார்கள். அதற்குக் குறைந்தால் அன்றைக்கு அரை நாள் என்று எழுதுவார்கள்.

அரியக்குடிக்காரிக்குக் கால் வீங்கியிருந்தது. கொஞ்ச நேரம் நின்றால் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். அவள் கூடை பாதிகூட நிறையவில்லை. முதல் வாரமே அரை நாள், அரை நாள் என்று விழுந்தது. அந்த ஒரு மாதம் ஏற்கனவே சைபர். இப்போது இருக்கிற நாளும் பாதியாகிறது.

மதியச் சாப்பாட்டுக்குத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் உட்காருவோம். அவள் முகம் கழுவப் போயிருந்தாள். நான் பேச்சை எடுத்தேன்.

"அவ கூடையில நம்ம கொஞ்சம் போடுவம்."

"போடலாம்" என்றாள் அமராவதிபுதூர் அக்கா. "யாரு போடுறது?"

"எல்லாரும்தான்."

"ஏத்தா, யோசிச்சுப் பேசு. வெயில்காலம் வரப்போகுது. கரண்டு இல்லைன்னு ஆளைக் கொறைப்பான். அப்ப இந்தத் தாளைப் பாத்துத்தான் கொறைப்பான். தாள்ல யாரு பேரு கொறையிறது? உன்னதா, என்னதா? எனக்கு மூணு பிள்ளைக."

மற்றவர்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்கள். அக்கா சொன்னதில் தப்பு இல்லை. முன்னால் இப்படி ஒரு கேள்வியே எங்களுக்குள் வந்ததில்லை. கொட்டினோம், பிரித்தோம். யாருக்கு யார் கொடுத்தார்கள் என்று பார்க்க எண் இல்லை. இப்போது எண் வந்துவிட்டது. ஒவ்வொருத்தியும் தன் கூடையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எனக்கு எரிச்சலாக வந்தது. அக்காமேல் இல்லை.

"சரி. நான் போடுறேன்" என்றேன்.

எனக்கு அப்போது தூண் ஓரத்து மிஷின். கேட்க வீட்டில் ஆள் கிடையாது. மேஸ்திரி அங்குட்டுப் போனதும் ஒரு கை சிட்டத்தை எடுத்துப் பக்கத்துக் கூடையில் போடுவேன். அரியக்குடிக்காரி பார்ப்பாள்.

"வேணாம் மதினி."

"சும்மா நில்லு."

ஒரு வாரத்தில் அரை நாள் விழுவது நின்றது. அப்புறம் நான் இன்னும் கொஞ்சம் கூடப் போட்டேன். அந்த மாதத்துச் சைபருக்கு ஈடாக ஏதாவது ஆகும் என்று நினைத்தேன். சிட்டம் கூடினால் நாள் கூடாது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லவும் ஆள் இல்லை.

மாதத் தாள் வந்தது. ஆபீசர் வேகமாக ரீலிங்குக்கு வந்தார். முகத்தில் சிரிப்பு. வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. எழுத்தரும் பின்னால் வந்தார். ரீலிங்கிலேயே அதிகம் சுற்றியவளைப் பார்த்துப் பாராட்ட வேண்டுமாம். தாளில் இருந்த ஆள் எண்ணைச் சொல்லி யார் என்று கேட்டார்.

மேஸ்திரி கை காட்டினார்.

அரியக்குடிக்காரி பாபின் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு பெட்டியில் கால் இரண்டையும் தூக்கி வைத்திருந்தாள். நிறைமாதம். எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஆபீசர் அவள் வயிற்றைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். திரும்ப வயிற்றைப் பார்த்தார்.

"இவங்களா?"

"கைராசிக்காரி தம்பி" என்றாள் அமராவதிபுதூர் அக்கா.

"நான் முட்டாள் இல்லம்மா."

"அப்ப தாளு தப்புங்கறீகளா? தப்பே வராதுன்னு நீகதான சொன்னீக."

எனக்கு ஒரு விஷயம் குழப்பமாக இருந்தது. நான் போட்டதை வைத்துப் பார்த்தால் அவள் சிட்டம் அவ்வளவு வராது. தாளை எட்டிப் பார்த்தேன். எங்கள் வரிசையில் மற்ற எல்லாருடைய சிட்டமும் குறைந்திருந்தது. என்னுடையது ரொம்பக் குறைவு. அக்காவுடையதும் குறைவுதான். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் நூல் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். மற்ற மூன்று பேரும் அப்படித்தான். எல்லாரும் எல்லாருக்கும் தெரியாமல் போட்டிருக்கிறார்கள்.

தனித்தனியாக எண்ணுவது சரியாக நடக்கிறது, தொந்தரவு தீர்ந்தது என்று ஆபீசர் முந்தைய வாரம்தான் மெட்ராஸுக்கு எழுதியிருந்தார். எழுத்தர் பிறகு சொல்லித்தான் அது எங்களுக்குத் தெரியும். தாள் பொய் என்று அவர் சொன்னால் அவர் எழுதியதும் பொய் ஆகும். எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எப்போ?" என்று ஆபீசர் அரியக்குடிக்காரியைக் கேட்டார்.

"இந்த மாசம்தான் சார்."

"ஏன் இன்னும் வேலைக்கு வர்றீங்க?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நான்தான் சொன்னேன். "அந்த ஒரு மாசம் தாள்ல சைபரா இருக்குங்க. நாள் பத்தாது. லீவு கேட்டா இல்லைன்னுருவாக. பேரை எடுத்துருவாக." அவரிடம் அவ்வளவு நீளமாக நான் பேசியது அதுதான்.

"திருத்தம் அனுப்பினோமே."

"அனுப்புனீக. வரலை."

அவர் தாளை நான்காக மடித்தார். அன்றைக்கு மாலையே மெட்ராஸுக்கு ரயில் ஏறினார். ரோஸ் படிவத்தைக் கையோடு கொண்டுபோனார் என்று எழுத்தர் சொன்னார். போகும்போது எழுத்தரிடம், "இவங்களுக்கு எப்படி சார் இது புரியும், எங்களுக்கே அங்க போய் நின்னாத்தான் நடக்குது" என்றாராம்.

அவர் திரும்பி வருவதற்குள் அவளுக்கு வலி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. அதற்கு அடுத்த வாரம் திருத்திய தாள் வந்தது. அந்தச் சைபர் மாதத்தில் அவளுக்கு நாள் ஏறியிருந்தது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. தபாலில் போன திருத்தமும் ஏறிவிட்டது, கையில் போன திருத்தமும் ஏறிவிட்டது. அந்த மாதத்தில் இருக்கிற நாளைவிட அதிக நாள் அவள் வேலை பார்த்திருந்தாள்.

எழுத்தர் அதைப் பெரிய ஆபீஸுக்குக் கொண்டுபோனார். "கூடினா பரவாயில்லை, குறையாம இருந்தாச் சரி" என்று சொல்லி விடுப்பில் கையெழுத்துப் போட்டார்கள். இல்லாத நாளையும் சேர்த்துத்தான் அவளுக்கு விடுப்பு கிடைத்தது. நிஜமாக வேலை பார்த்த நாளை வைத்துக் கிடைக்கவில்லை.

என்னை டைம் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். எனக்கு மெமோ. உற்பத்தி குறைவு, காரணம் கேட்டு. எழுத்தருக்குக் கொடுக்கவே மனசில்லை. மேஜையில் வைத்துவிட்டு விசிறியால் விசிறிக்கொண்டார்.

"அம்மா, ஒரு வார்த்தை சொல்லு. உன் சிட்டத்தை உன் பேருல ஏத்தச் சொல்லித் திருத்தம் எழுதுறேன்."

"ஏத்துனா அவ பேருல கொறையும்ல?"

"கொறையும்."

"அய்யா, கும்புடுறேன். ஒண்ணையும் அனுப்பாதீக."

மெமோவில் கையெழுத்துப் போட்டேன். காரணம் என்ற இடத்தில் உடம்பு சரியில்லை என்று எழுதச் சொன்னேன். அவரே எழுதினார்.

பங்குனி பிறந்ததும் மின்வெட்டு வந்தது. பாதி மிஷின் நின்றது. நிறுத்தப்போகிற ஆட்களின் தாளை மில் வாசலில் ஒட்டினார்கள். அதுவும் மெட்ராஸ் தாள்தான். குறைவாகச் சுற்றியவளிலிருந்து வரிசையாக அடித்திருந்தது. பெயர் இல்லை, எண் மட்டும். கூட்டமாக நின்றார்கள். பாதிப் பேருக்குத் தங்கள் எண் எது என்றே படிக்க வராது. அமராவதிபுதூர் அக்கா என்னை முன்னால் தள்ளினாள்.

"நீ வாசி ஆத்தா."

அரியக்குடிக்காரியின் எண்ணைத்தான் முதலில் தேடினேன். மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். இல்லை. திரும்ப ஒரு தடவை கீழிருந்து மேலே பார்த்தேன். இல்லை. அப்புறம்தான் முதலிலிருந்து சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன். முதல் எண் என்னுடையது.

"நான் சொன்னேன்ல. அப்பவே சொன்னேன்ல" என்றாள் அக்கா. கோபமாகச் சொன்னாள். சொல்லும்போதே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுக்கா. இன்னும் வாசிக்கணும்" என்றேன். மற்ற எண்களையும் வாசித்தேன்.